உல்கு திரும்பும் வழி

அரசு ஒருமுறை வாங்கிய வரியைத் திருப்பிக் கொடுப்பதுண்டோ? உண்டு எனின், யாருக்கு, எதன்பொருட்டு, எவ்விடத்தில்? இவ்வினாக்களைத் தோட்டப்புறத்து மக்களிடம் கேட்டால் நகைப்பே விடையாக வரும். வரி என்பது போகும் வழியன்றித் திரும்பும் வழி அறியாதது என்பதே அவர்தம் பட்டறிவு. ஆயினும், 2015-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் தொடங்கி மூன்றாண்டுக் காலம், மலேசியச் சுங்கத்துறை அலுவலர் விமான நிலையங்களில் மேசையிட்டு அமர்ந்து, ஊர் திரும்பும் அயல்நாட்டுப் பயணிகள் கடைகளில் செலுத்திய வரியை மீண்டும் பெறுவதற்குச் சான்று வழங்கி வந்தனர். பயணிகள் பலர் அம்மேசையைக் கண்டது சிப்பாங்கில், 1998 சூன் 27-இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில். அது சிரம்பானை அடுத்த ராசாவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையத்தக்கது. தோட்ட நிலங்களின்மேல் எழுந்தது.

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் இவ்வேற்பாடு நேற்றுத் தோன்றிய புதுமையன்று. இதன் வேர் நெடுங்காலத்துக்குமுன் சென்று ஊன்றியிருக்கிறது. அவ்வேரில் ஒரு கிளை ராசாவையும் தொட்டுச் செல்கிறது.

முதற்கண் ஏற்பாட்டின் இயல்பை அறிந்துகொள்ளல் வேண்டும். பொருள் சேவை வரி நூற்றுக்கு ஆறு என்று 2015-இல் நடைமுறைக்கு வந்தது. அஃது ஆலை, மொத்தக் கடை, சில்லறைக் கடை என ஒவ்வொரு படியிலும் வாங்கப்பட்டு, முன்படியில் செலுத்தியது அடுத்த படியில் கழிக்கப்பட்டு, இறுதியில் பொருளை நுகர்வோன் தலையில் முழுதும் சென்று தங்குவது. இம்முறையை முதன்முதல் வகுத்துத் தந்தவர் மோரிஸ் லோரே என்னும் பிரெஞ்சு வரித்துறை அலுவலர். பிரான்சில் அது நடப்புக்கு வந்தது 1954-இல். நுகர்வோனே வரியின் முடிவிடம் என்று கொண்டபின், ஒரு கேள்வி தானே எழுகிறது: பொருளை வாங்கியவன் அதனை இந்நாட்டில் நுகராமல் தன் நாட்டுக்குக் கொண்டுசென்றால்? நுகரும் நாடே வரி வாங்கும் உரிமையுடையது. விற்ற நாடு வாங்கிய வரியைத் திருப்பித் தருவதே முறை. ஏற்றுமதியாகும் சரக்கு கப்பலில் சென்றால் வரியில்லை என்னும்போது, அதே பொருள் பயணியின் கைப்பெட்டியில் சென்றால் மட்டும் வரி ஏன்? விமான நிலைய மேசையின் நியாயம் இவ்வளவே.

இங்கே கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. வரியோடு சேர்ந்த விலை 106 வெள்ளி எனின், வரி 6 வெள்ளி. ஆகவே, கொடுத்த தொகையில் வரியைக் காண நூற்றில் ஆறு பங்கு எடுத்தல் பிழை; நூற்றாறில் ஆறு பங்கு எடுத்தல் வேண்டும். மலேசிய ஏற்பாட்டின்படி ஒரு பயணி வரி உட்பட 300 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கியிருத்தல் வேண்டும். அந்த 300-இல் அடங்கிய வரி 18 வெள்ளியன்று. 16 வெள்ளி 98 காசு. அதிலும் இடைநின்று பணத்தைக் கொடுக்கும் முகவர் தம் கூலியைக் கழித்துக்கொண்டே மிச்சத்தைத் தருவர். கையில் வந்த தொகையைக் கண்டு, ‘குறைந்ததே’ என்று முகம் சுளித்த பயணிகளின் குறைபாட்டில் பாதி, இப்பின்னக் கணக்கை அறியாமையால் வந்தது.

தமிழ் மரபில்

வரியில் பல வகையிருக்க, எல்லை கடக்கும் பொருளுக்கு வாங்கும் வரியைக் குறிக்க நம் பழந்தமிழில் தனிச்சொல்லே இருந்தது. ‘உல்கு’ என்பது அச்சொல். திருக்குறளின் பொருள் செயல்வகை அதிகாரத்தில், 756-ஆம் குறள், வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக உல்குபொருளைக் கூறுகிறது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச் சாவடியைத் தமிழாசிரியர் எவரும் மறந்திரார். ஓய்வின்றி உல்கு கொள்ளும் அலுவலரும், நீரினின்று நிலத்திற்கும் நிலத்தினின்று நீருக்கும் செல்லும் அளவிறந்த பண்டங்களும், அவற்றின்மேல் பொறிக்கப்பட்ட சோழரின் புலியிலச்சினையும் அங்கே வருகின்றன.

அவ்விலச்சினை நம் பொருளுக்கு மிக நெருங்கியது. இலச்சினை என்பது அழகுக்காக இட்டதன்று. ‘இப்பொருள் அரசின் கண்ணுக்கு முன் சென்றது’ என்பதற்குச் சான்று. இன்று விமான நிலையத்தில் பயணியின் படிவத்தின்மேல் சுங்க அலுவலர் குத்தும் முத்திரையும் அதே வினையைச் செய்கிறது. இவ்வொப்புமை கண்டு, வரியைத் திருப்பிக் கொடுக்கும் முறையும் சங்க காலத்திலேயே இருந்தது என்று மேடையில் முழங்குவார் தோன்றக்கூடும். அஃது ஏலாது. பட்டினப்பாலையில் உல்கு கொள்ளும் செய்தி உண்டு; கொடுத்த செய்தி இல்லை. இல்லாததை இருந்ததாகச் சொல்லுதல் முன்னோர்க்குப் பெருமை சேர்ப்பதாகாது.

முதற் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றதும் அனைவரும் அறிந்ததே. எல்லாச் சுங்கத்தையும் நீக்கினானா, சிலவற்றையா என்பதில் வரலாற்றாசிரியர் ஒருமித்தாரல்லர். எவ்வாறாயினும் வாங்காமல் விடுவது வேறு, வாங்கியபின் திருப்புவது வேறு. அவன் காலத்தில், 1088-இல், சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருசில் தமிழ் வணிகரான ஐந்நூற்றுவர் நிறுத்திய தமிழ்க் கல்வெட்டு, கப்பலில் வருவோர் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தைப் பேசுகிறது. கடல் கடந்து சென்ற இடத்திலும் தமிழ் வணிகர்க்கு முதல் கவலை கட்டணமே.

திருப்பித் தருதல் என்னும் கருத்துக்கு மிக அணித்தாக வருவது, யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவிலுள்ள ஒரு தமிழ்க் கல்வெட்டு. அதனை வெட்டுவித்தவன் சிங்கள வேந்தன் முதலாம் பராக்கிரமபாகு. அவன் ஆண்டது பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதி. அயல்நாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்குதல் வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்றும் கூறிய பின், மரக்கலம் உடைந்தால் செய்ய வேண்டியதை அக்கல்வெட்டு வகுக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால் செம்பாகம் பண்டாரத்துக்கு, செம்பாகம் உடையவனுக்கு.

இதன் பெருமையை அறிய அக்காலத்து வழக்கத்தை நினைவிற் கொள்ளல் வேண்டும். கரையொதுங்கிய கலமும் அதன் சரக்கும் கரைக்குரிய அரசனுக்கே என்பது பல நாடுகளில் நடந்த கொடுமை. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-ஐ ஒட்டி நிறுத்திய அபய சாசனமும் இதனையே சொல்லுகிறது: முன்னிருந்த அரசர் புயலில் ஒதுங்கிய கலங்களின் பொருளையெல்லாம் கவர்ந்தனர், தான் முறையான சுங்கத்தையன்றி வேறெதனையும் கொள்வதில்லை. அச்சுங்கமும் ஏற்றுமதி இறக்குமதிகளுக்கு முப்பதில் ஒன்று என்று குறிக்கப்பட்டது. வணிகன் அஞ்சியது சுங்கத்தின் மிகுதியை மட்டுமன்று. அளவு தெரியாத சுங்கத்தை. இவ்விரு கல்வெட்டுகளும் அயலானுக்கு அளவைக் கல்லில் வெட்டிக் காட்டின. நயினாதீவுக் கல்வெட்டு சிங்கள வேந்தனால் தமிழில் வெட்டப்பட்டது என்பதையும் நோக்குக. வரி செலுத்துவோன் படிக்கும் மொழியில் விதியை எழுதுவது அன்றே உணரப்பட்டிருந்தது. இன்றைய வரிப் படிவங்களை வகுப்போர் நயினாதீவுக்கு ஒருமுறை சென்று வருதல் நன்று.

மலாக்காவும் லிங்கியும்

மலாக்காவுக்கு வருவோம். சுல்தான்கள் காலத்து மலாக்காவின் சுங்க முறையை விரிவாக எழுதி வைத்தவர் தோமே பிரஸ் என்னும் போர்த்துகீசியர். 1512 முதல் 1515 வரை தாம் கண்டும் கேட்டும் எழுதினார். மேற்கிலிருந்து, அதாவது குசராத்து, வங்காளம், சோழமண்டலக் கரை முதலிய இடங்களிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு ஆறு. மலாக்காவிலேயே மனைவியோடு குடியிருந்தவர்க்கு, அவர் அயலாராயினும், நூற்றுக்கு மூன்று. கிழக்கிலிருந்து வந்தோர் சுங்கத்துக்கு மாறாகக் காணிக்கை செலுத்தினர். பல நாட்டு வணிகரைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர். சரக்கின் மதிப்பை அரசின் ஆள் தன் மனம்போல் குறித்துவிட இயலாது. வணிகர் குழு ஒன்று கூடி மதித்தது. அதில் ‘கிளிங்கர்’ என்று வழங்கப்பட்ட நம்மவர்க்கும் இடமிருந்தது.

நூற்றுக்கு ஆறு என்னும் விகிதம் 1515-க்கும் 2015-க்கும் பொதுவாக அமைந்தது தற்செயலே. ஆயின் அவ்விகிதம் யார்மேல் விழுந்தது என்பதில் இரு காலமும் நேர் எதிராய் நிற்கின்றன. மலாக்காவில் அயலான் முழுதும் செலுத்தினான். குடியிருப்போன் பாதி செலுத்தினான். 2015-இல் குடியிருப்போன் முழுதும் செலுத்தினான். அயலான் திரும்பப் பெற்றான். பழைய அரசு அயலானிடம் வாங்கித் தன் குடியைப் பேணியது. புதிய அரசுக்கு அயலான் மீண்டும் வந்து செலவழிக்க வேண்டும் என்னும் விருப்பம் மிகுதி.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் வரியின் மூன்றாவது முகம் ஒன்று தோன்றியது. அதனைக் காட்டுவது லிங்கி ஆறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங்கின் ஈயச் சுரங்கங்களுக்கு அதுவே வாயில். அந்நாளில் ராசா சீனச் சுரங்கத் தொழிலாளர் நிறைந்த ஒரு குடியிருப்பு. சுரங்கங்களுக்கு முதல் கொடுத்தவர் பெரும்பாலும் மலாக்கா வணிகர். அரிசியும் அபினியும் பிற சரக்கும் ஆற்றில் மேலே வந்தன. ஈயக்கட்டிகள் கீழே சென்றன. ஆற்றின் கரையில் இடத்துக்கு இடம் வேலியடைப்புகள் எழுந்தன. அங்கே நின்றவர் படகை நிறுத்திச் சுங்கம் கேட்டனர். டத்தோ கிளானாவுக்கு ஒன்று, டத்தோ பண்டாருக்கு ஒன்று, லிங்கித் தலைவர்க்கு ஒன்று. ரெம்பாவ் ஆறு வந்து கலக்கும் சிம்பாங்கில் ரெம்பாவ் தலைவரும் தம் பங்கைக் கேட்டனர்.

ஓர் ஈயக்கட்டி கடலை அடைவதற்குள் பன்முறை வரி செலுத்தியது. முன்சாவடியில் செலுத்தியதைப் பின்சாவடி கழித்துக்கொள்ளவில்லை. மோரிஸ் லோரே 1954-இல் நீக்கிய நோய் இதுவே: வரியின்மேல் வரி அடுக்குதல். பாரிசில் அதற்கு மருந்து கணக்கேடு. லிங்கியில் அதற்கு மருந்தாக வந்தது பீரங்கி. நீரிணைக் குடியேற்ற வணிகர் பலமுறை முறையிட்டனர். 1874 ஏப்பிரலில் கவர்னர் சர் ஆண்ட்ரு கிளார்க்கு டத்தோ கிளானா சையது அப்துல் ரகுமானோடு ஓர் உடன்பாடு செய்தார். ஆற்று வழி திறந்திருத்தல் வேண்டும் என்பது அதன் தலையாய கூறு. டத்தோ பண்டார் குலோப் துங்கால் அதற்கு உடன்படவில்லை. அவ்வாண்டின் இறுதியில் மூண்ட சண்டையில் ஆங்கிலப் படை கிளானாவுக்குத் துணையாக நின்றது. டத்தோ பண்டார் தோற்றுச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். சுங்கை ஊஜோங்கில் ஆங்கில அதிகாரம் ஊன்றியது.

ஆற்றுச் சுங்கம் தொல்லையாயிற்று என்பது உண்மை. ஆயின் ஆற்றுத் தலைவர்க்கு அதுவன்றி வேறு வருவாய் பெரிதாக இல்லை என்பதும் உண்மையே. சிங்கப்பூர் 1819 முதல் சுங்கமற்ற துறைமுகமாக இருந்து செழித்தது. அங்கிருந்த வணிகர்க்கு எல்லா ஆறும் சுங்கமற்றதாக இருத்தல் இயல்பான நீதியாகத் தோன்றிற்று. ஈயம் விளைந்த மண்ணுக்கு உரியவர்க்கு அஃது அவ்வாறு தோன்றவில்லை. 1874-ஐப் பாடநூல்களில் ‘ஆற்றைத் திறந்தனர்’ என்று ஒரு வரியில் முடிப்பது ஒருபக்க வழக்கு.

வாங்கித் திருப்பும் முறையின் பிறப்பு

வரியை முறைப்படி வாங்கி, முறைப்படி திருப்பும் சட்டத்தைத் தெளிவாகக் காண இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. 1660-இல் அங்கு எழுந்த சுங்கச் சட்டத்தோடு இணைந்த விதிகளுள் ஒன்று, இறக்குமதியான சரக்கை மீண்டும் ஏற்றுமதி செய்தால் செலுத்திய சுங்கத்தில் பாதியைத் திரும்பப் பெறலாம் என்றது. ஆங்கில வணிகனுக்கு அதற்குத் தவணை பன்னிரண்டு மாதம். அயல் வணிகனுக்கு ஒன்பது மாதம். மலேசிய விமான நிலையத்தில் பயணிக்கு வைத்த மூன்று மாதத் தவணைக்கு இதுவே மூதாதை.

ஆடம் சுமித்து 1776-இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலில் இப்பொருளுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஏற்றுமதியை ஊக்க அரசு செய்யும் உதவிகளுள் இதுவே மிகவும் நியாயமானது என்பது அவர் முடிவு. ஏனெனில் இது வணிகத்தை இயல்பான வழியினின்று வேறு வழிக்குத் திருப்புவதில்லை, வரி அவ்வியல்பைக் கெடுக்காமல் தடுக்கிறது. ஆயினும் அதில் நடந்த சூதையும் அவர் மறைக்கவில்லை. சரக்கைக் கப்பலில் ஏற்றியதாகக் காட்டி வரியைத் திரும்பப் பெற்று, பின் இருளில் அச்சரக்கைக் கரையிலேயே இறக்கிவிடுவோர் இருந்தனர். சுமித்து 1778-இல் ஸ்காத்துலாந்தின் சுங்க ஆணையருள் ஒருவராக அமர்த்தப்பட்டார். எழுத்தில் ஆராய்ந்ததை அலுவலில் காணும் வாய்ப்பு எல்லா அறிஞர்க்கும் கிட்டுவதன்று.

பயணி பொருளைக் கையோடு கொண்டுவந்து அலுவலர்க்குக் காட்ட வேண்டும் என்னும் விதி ஏன் என்பது இப்பொழுது விளங்கும். பெரிய பெட்டியில் வைக்கும் பொருளாயின், பெட்டியை விமானக் குழுமத்தினரிடம் ஒப்படைக்குமுன் காட்டல் வேண்டும். பெட்டி போனபின் வெறும் சீட்டை மட்டும் நீட்டி நின்றவர்க்கு முத்திரை கிடையாது. அலுவலர் கடுமையாக நடந்தார் என்று நொந்துகொள்வோர், இருளில் சரக்கை இறக்கிய ஆங்கில வணிகரையே நொந்துகொள்ள வேண்டும்.

திருப்பிக் கொடுத்த வரி ஒன்று உலக வரலாற்றையே திருப்பியதும் உண்டு. கிழக்கிந்தியக் கும்பினியின் தேயிலை இலண்டனில் இறங்கும்போது சுங்கம் செலுத்தியது. அதனை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பினால் அச்சுங்கம் திரும்பக் கிடைக்கும் என்று 1767-இல் சட்டம் செய்தனர். 1772-இல் அதனை ஐந்தில் மூன்று பங்காகக் குறைத்தனர். 1773-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டம் மீண்டும் முழுதும் திருப்பித் தர இசைந்தது. கும்பினி தானே நேராக அமெரிக்காவில் விற்கவும் இடங்கொடுத்தது. தேயிலை மலிந்தது. ஆயின் அமெரிக்காவில் இறங்கும்போது வாங்கும் இறாத்தலுக்கு மூன்று பென்சு வரி மட்டும் அப்படியே நின்றது. திருப்பித் தந்த வரி கும்பினிக்கு; தங்கிய வரி குடியேறியவர்க்கு. அவ்வாண்டு திசம்பர் 16-ஆம் நாள் இரவு பாசுடன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் வீழ்ந்த கதையை ஆசிரியர்கள் ‘வரி உயர்ந்ததால் எழுந்த கிளர்ச்சி’ என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். விலை குறைந்த ஆண்டில் எழுந்த கிளர்ச்சி அது. யாருக்குத் திருப்பினர், யாருக்குத் திருப்பவில்லை என்பதே அதன் உள்ளுறை.

ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் இம்முறையும் சென்றது. மலேசியாவின் 1967-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 93-ஆம் பிரிவு, இறக்குமதித் தீர்வை செலுத்திய சரக்கை மீண்டும் ஏற்றுமதி செய்தால், பத்தில் ஒன்பது பங்கைத் திரும்பப் பெற இடந்தருகிறது. இங்கிலாந்தின் பாதி, இங்கே பத்தில் ஒன்பதாயிற்று. ஆயினும் இது வணிகர்க்குரிய வழி. தனிப் பயணிக்கு வழியில்லை. 1926-இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ‘இராஜுலா’ கப்பலில் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் சென்ற தோட்டத் தொழிலாளர், ஆண்டுகளாகச் சேர்த்த கூலியில் வாங்கிய துணியையும் கடிகாரத்தையும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொண்டுசென்றனர். அவர்கள் அறிந்த சுங்கச் சாவடி, பெட்டியைத் திறக்கச் சொல்லும் இடம். காசு கொடுக்கும் இடமன்று.

தனிப் பயணிக்கு இரு வழிகள் பின்னர்த் திறந்தன. ஒன்று, வரியே வாங்காத விமான நிலையக் கடை. 1947-இல் அயர்லாந்தின் சானன் விமான நிலையத்தில் தோன்றியது. மற்றொன்று, ஊருக்குள் எந்தக் கடையிலும் வரியோடு வாங்கி, புறப்படும்போது திரும்பப் பெறுவது. ஐரோப்பிய நாடுகள் லோரேயின் வரி முறையை ஒவ்வொன்றாக மேற்கொள்ள, இரண்டாவது வழி பெருகியது. கடைக்கும் பயணிக்கும் அரசுக்கும் இடைநிற்கும் முகவர் தொழிலும் எழுந்தது. 1980-இல் சுவீடனில் தொடங்கிய குளோபல் புளூ என்னும் நிறுவனம் அதில் முதன்மை பெற்றது. மலேசியாவிலும் 2015-இல் அதுவே முகவராக அமைந்தது.

சிப்பாங் மேசை

மலேசிய ஏற்பாட்டில் மது, புகையிலை, விலைமதிப்புள்ள உலோகம், மணிக்கல் ஆகியவற்றுக்கு வரி திரும்பாது. ஆடை நீங்கலாக, இந்நாட்டிலேயே முழுதுமோ பகுதியோ பயன்படுத்திய பொருளுக்கும் இல்லை. விமான வழியாகச் செல்வோர்க்கே உரியது. கடையின் விலைச்சீட்டு, படிவம், கடப்பிதழ், விமானச் சீட்டு ஆகிய நான்கும் கையில் இருத்தல் வேண்டும். தொகையை ரொக்கமாகவோ கடன் அட்டையிலோ காசோலையாகவோ பெறலாம். ரொக்கத்துக்கு வரம்பு 300 வெள்ளி.

இவற்றினும் சிந்திக்கத்தக்கது, பயணி என்பார் யார் என்னும் வரையறை. மலேசியக் குடிமகனாகவும் இருத்தல் கூடாது. நிரந்தரவாசியாகவும் இருத்தல் கூடாது. சட்டத்தின் நோக்கில் இது பொருத்தமே. இந்நாட்டில் வாழ்வோன் இங்கேயே நுகர்வோன். ஆனால் நெகிரி செம்பிலான் தோட்டங்களை அறிந்தவர்க்கு இவ்வரையறையில் வேறொரு முகம் தெரியும். சுதந்தரத்துக்கு முன்னரே இம்மண்ணில் பால்மரம் வெட்டி, குடியுரிமை பெறும் காலத்தில் பெறத் தவறி, சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையெய்திய தமிழர் பலர். தமிழகத்திலுள்ள தமக்கை வீட்டுத் திருமணத்துக்குச் செல்லும் அத்தகைய முதியவர், ஈப்போ சாலையிலோ மசூதி இந்தியாவிலோ வாங்கிய சேலைக்கு வரி திரும்பக் கேட்டால், ‘நீர் இந்நாட்டவர்’ என்பது சட்டத்தின் விடை. தேர்தல் நாளில் வாக்குச் சாவடிக்குச் சென்றால், ‘நீர் குடிமகன் அல்லர்’ என்பதும் சட்டத்தின் விடையே. பழைய மலாக்கா, மனைவியோடு குடியேறிய அயலானை ஊரவனாகக் கொண்டு, வரியிலும் பாதியைக் குறைத்தது. ஊரவன் என்னும் சொல்லுக்கு அங்கே ஒரு பயன் இருந்தது.

ஏற்பாடு நெடுநாள் நிற்கவில்லை. 2018 மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறிற்று. சூன் முதல் நாள் பொருள் சேவை வரியின் விகிதம் ஆறிலிருந்து பூச்சியமாயிற்று. செப்டம்பர் முதல் நாள் விற்பனை வரியும் சேவை வரியும் மீண்டன. விற்பனை வரி ஆலையிலோ இறக்குமதியிலோ ஒரே படியில் வாங்கப்பட்டு விலைக்குள் மறைந்துவிடுவது. கடைச் சீட்டில் தனியே தோன்றாது. தோன்றாத வரியைத் திருப்புவது எங்ஙனம்? மேசையும் எடுக்கப்பட்டது.

வரியைத் திருப்பும் கடமை அத்துடன் முடிந்துவிடவில்லை. பயணிக்குத் திரும்பியது சிறுதொகை. வணிக நிறுவனங்களுக்குத் திரும்ப வேண்டியது பெருந்தொகை. முன்படியில் செலுத்திய வரியைக் கழித்துக் கொடுப்பதே இம்முறையின் உயிர்நிலை என்று முன்னரே கண்டோம். அவ்வாறு திரும்ப வேண்டிய தொகை 1,940 கோடி வெள்ளி தேங்கி நின்றது என்று 2019-ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அதனையும் தேங்கியிருந்த வருமான வரித் திரும்பீட்டையும் தீர்க்கப் பெட்ரோனாசிடமிருந்து 3,000 கோடி வெள்ளி சிறப்பு ஈவுத்தொகையாகப் பெறப்பட்டது. விமான நிலையத்தில் நூறு வெள்ளிக்கு முத்திரை குத்தி ஒழுங்காக நடந்த முறை, பெரிய ஏட்டில் அவ்வாறு நடக்கவில்லை.

இன்று மலேசியர் இம்மேசையைக் காண வேண்டுமாயின் அயல்நாடு செல்லல் வேண்டும். அண்டையிலிருப்பது சிங்கப்பூர். அங்கு 1994 ஏப்பிரலில் நூற்றுக்கு மூன்றாகத் தொடங்கிய பொருள் சேவை வரி 2024-இல் ஒன்பதை எட்டியது. 100 சிங்கப்பூர் வெள்ளிக்குக் குறையாமல் வாங்கி, இரண்டு மாதத்துக்குள் வெளியேறும் பயணி திரும்பப் பெறலாம். ஆயின் சாங்கி, சிலேத்தார் விமான நிலையங்கள் வழியாகச் செல்வோர்க்கு அவ்வுரிமை உண்டு; தரைவழியாகச் செல்வோர்க்கு இல்லை. சிராங்கூன் சாலையில் தீபாவளிக்குத் துணியெடுத்துக்கொண்டு உட்லண்ட்சு பாலத்தில் பேருந்தில் சிரம்பானுக்குத் திரும்புவோர்க்கு ஒரு காசும் திரும்பாது. அதே துணியை அதே நாளில் சாங்கியிலிருந்து சிப்பாங்குக்குப் பறந்து கொண்டுவந்தவர்க்கு உண்டு. பொருள் நாடு கடந்தது இரண்டிலும் ஒன்றே எனினும், பாலத்தில் செல்லும் பெருங்கூட்டத்தின் பைகளைப் பிரித்துப் பார்ப்பது அலுவலர்க்கு இயலாத வேலை.

பிரிட்டன் இவ்வழியையே அடைத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கியபின், 2021 சனவரி முதல், வட அயர்லாந்து நீங்கலாக, கடையில் வாங்கிக் கையில் கொண்டுசெல்லும் பொருளுக்குப் பயணிக்கு வரி திரும்புவதில்லை என்று முடிவு செய்தது. 2022 செப்டம்பரில் ஒரு நிதியமைச்சர் அதனை மீட்பதாக அறிவித்தார். அடுத்த மாதமே அவர்க்குப் பின் வந்தவர் அவ்வறிவிப்பைக் கைவிட்டார். 1660-இல் தொடங்கிய நாடு அது.

இந்தியாவிலோ, 2017-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த பொருள் சேவை வரிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இவ்வுரிமையை எழுத்தில் வைத்தது. பயணி என்பவன் இந்தியாவில் வழக்கமாக வாழாதவன். ஆறு மாதத்துக்கு மேற்படாமல் தங்க வருபவன். அவ்வாண்டு சூலையில் வரி நடைமுறைக்கு வந்தபோது அப்பிரிவு மட்டும் நடைமுறைக்கு வரவில்லை. காஞ்சிபுரத்தில் பட்டெடுத்துத் திரும்பும் மலேசியத் தமிழர் சென்னை விமான நிலையத்தில் தேடிய மேசை அன்று அங்கே இடப்பட்டிருக்கவில்லை.